மொபீலில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் இந்த ஊர்ப் பெயரை மொபீல் என்று சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டி வாசித்தால் மொபைல்தான். “அஞ்சு நாள் லீவு போட்டு மொபைல் பார்க்கப் போறியாக்கும், கடையில போய்ப் பார்த்தா ஆகாதா?” என்று அக்கா கிண்டலடித்தாள். பையனையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதும் கிண்டல் நின்றுவிட்டது.

மருமகன் பத்தாம் வகுப்பு. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் நோஸ் டேக்கிள். எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையான டிஃபென்சிவ் லைனின் நட்டநடுவில் நின்று, எதிரே முட்டிக்கொண்டு வரும் இரண்டு பேரைத் தாங்குகிற வேலை. கோச் “பதினைந்து பவுண்டு ஏத்து” என்கிறார். அக்கா “பதினைந்து பவுண்டு இறக்கு” என்கிறாள். பயல் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளாமல் வீட்டில் ஒரு தட்டு, வெளியில் மூன்று தட்டு என்று காலத்தை ஓட்டுகிறான். கடைசியில் அத்தான் தலையிட்டு, “போயிட்டு வரட்டுமே” என்றார். பள்ளிக்கு நான்கு நாள் லீவு. வீட்டுப்பாடம் எல்லாம் மடிக்கணினியில் கூடவே வருகிறது.

நாங்கள் போவது சீனியர் பௌலுக்கு. கல்லூரி ஆட்டத்தை முடித்துக்கொண்டு வெளியே வரும் வீரர்களில் நூறு பேருக்கு மேல் அழைத்து, இரண்டு அணியாகப் பிரித்து, ஜனவரிக் கடைசியில் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பார்கள். 1951 முதல் இந்த ஊரில்தான் நடக்கிறது. சனிக்கிழமை ஆட்டம் என்பது பெயருக்கு. அதற்கு முந்தைய பயிற்சி நாட்களைப் பார்க்கத்தான் 32 தொழில்முறை அணிகளுக்கும் ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் வந்து குவிகிறார்கள். ஏப்ரலில் டிராஃப்ட், அதாவது அந்த அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுப்பது. ஏழு சுற்று. யாரை எந்தச் சுற்றில் எடுக்கலாம் என்ற கணக்கில் இந்த வாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அட்லாண்டாவிலிருந்து 85 ஆம் நெடுஞ்சாலை, மான்ட்கமரியில் திரும்பி 65, பிறகு தென்மேற்கே. அலபாமா எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. சும்மா கிடைத்த அந்த ஒரு மணியைப் பயல் பர்கர் கடையில் செலவழித்தான்.

“6012” என்றான் வண்டியில் ஏறியதும். போனில் அன்று வெளியான அளவுப் பட்டியலை வாசித்துக்கொண்டு வந்தான். ஸ்கவுட்டுகள் உயரத்தை இப்படித்தான் எழுதுவார்கள். முதல் இலக்கம் அடி. அடுத்த இரண்டும் அங்குலம். கடைசி இலக்கம், எட்டில் எத்தனை பங்கு என்பது. 6012 என்றால் 6 அடி 1 அங்குலம், மேலே இரண்டு அரைக்கால். எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்று நம்மிடம் ஒரு சொல் இருந்தது, வாய்ப்பாட்டுப் புத்தகத்தோடு போய்விட்டது. இங்கே கோடிக்கணக்கான டாலர் இன்னமும் அரைக்காலில்தான் நடக்கிறது. கையகலத்தை அளப்பதும் நமக்குப் பழக்கமானதுதான். விரலை விரித்துவைத்துக் கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை, அதாவது சாண்.

எல்லாவற்றையும்விட அவர்கள் உற்றுப் பார்ப்பது கை நீளத்தை. தோள் எலும்பின் முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை. லைன்மேனுக்கு 33 அங்குலம் இருந்தால் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். காரணம் எளிது. இரண்டு பேர் மோதும்போது யார் கை முதலில் அடுத்தவன் நெஞ்சில் பதிகிறதோ, தள்ளுகிறவன் அவன். மற்றவன் தள்ளப்படுகிறவன்.

“ஏரன் டொனால்டுக்கு எவ்வளவு மாமா?” தெரிந்துகொண்டே கேட்டான். 2014 இல் இதே ஊருக்கு வந்தபோது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து டொனால்டின் உயரம் 6 அடி 1 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு, கை 32 அங்குலமும் ஐந்து அரைக்காலும், எடை 285 பவுண்டு சுமார். உள்ளே ஆடும் லைன்மேனுக்கு எல்லாமே ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் அந்த வாரப் பயிற்சியில் அவரை நிறுத்தி வைக்க ஆளில்லை. அப்படியும் டிராஃப்டில் 12 பெயர் வாசித்த பிறகுதான் அவர் பெயர் வந்தது. பிறகு மூன்று முறை லீகின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர். இதில் ஒரு வம்பும் உண்டு. அன்றிலிருந்து குட்டையாக, வேகமாக எந்தப் பையன் வந்தாலும் “அடுத்த டொனால்ட்” என்று யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். அடுத்தவர் இன்னும் வரவில்லை.

எடைக்கு ஜான் ராண்டல் கதையைச் சொன்னேன். 1990 டிராஃப்டில் அவரை யாருமே எடுக்கவில்லை. மினசோட்டா அணி எடை கூட வேண்டும் என்று சொல்லிவிட, உடுப்புக்குள் இரும்புச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு தராசில் ஏறினார் என்பது கதை. எதிரணியில் பந்து வீசுகிற குவார்ட்டர்பேக்கை வீசுமுன் சாய்ப்பதற்குப் பெயர் சாக். 137.5 சாக் எடுத்து, சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர். பயல் சங்கிலி எத்தனை பவுண்டு இருக்கும் என்று தேட ஆரம்பித்தான்.

என் தாத்தா மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கிற விதத்தையும் சொன்னேன். பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், திமிலைத் தட்டுவார். எல்லாம் பிடித்திருந்தாலும் காசை எடுக்க மாட்டார். “நாலடி நடக்க விடப்பா” என்பார். பயல் விழுந்து விழுந்து சிரித்தான்.

இரவு மோட்டலில், வண்டி டிக்கியில் கிடந்த இரும்பு டேப்பை எடுத்துவந்து கையை நீட்டினான். முப்பதே அரைக்கால்.

“இன்னும் வளருமா மாமா?”

“உங்கப்பாவைப் பாரு.”

விளக்கை அணைத்துவிட்டான்.

இரண்டாம் நாள், புதன்

தூறல். அலபாமா என்றால் வெயில் என்று நினைத்து வந்த என்னை வளைகுடாக் காற்று காதைப் பிடித்துத் திருகியது. மைதானம் சவுத் அலபாமா பல்கலைக்கழகத்தில், ஹான்காக் விட்னி ஸ்டேடியம். நகரத்துக்குள் இருந்த பழைய லாட்-பீபிள்ஸிலிருந்து 2021 இல் இங்கே மாற்றினார்கள்.

கூட்டம் முழுக்கக் குவார்ட்டர்பேக்குகள் பந்து வீசும் பக்கம் சாய்ந்திருந்தது. நாங்கள் எதிர்மூலைக்குப் போனோம். அங்கே ஒரு கோச் நீளக் கம்பின் நுனியில் பந்தைக் கட்டி மண்ணில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கம்பு அசைந்ததும் நான்கு பேர் ஒரே நேரத்தில் பாய வேண்டும். பந்தைக் கையில் வைத்திருக்கும் ஆஃபென்ஸ் ஆட்களுக்கு எப்போது கிளம்பவேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும், குறிச்சொல் அவர்களுடையது. டிஃபென்ஸ்காரனுக்குப் பந்து அசைவதுதான் சைகை. அந்தக் கணத்தைக் கண்ணால் வாங்கிக் காலுக்கு அனுப்புவதில் யார் முந்துகிறான் என்பதே முதல் பரீட்சை. மூன்று பேர் கிளம்பிய பிறகு நான்காமவன் கிளம்புவது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் அவனிடம் வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை.

அடுத்து வளையம். புல்லில் ஆள் உயரத்துக்கு அகலமான இரண்டு வளையங்களைப் படுக்கப் போட்டு, எட்டு வடிவில் சுற்றி ஓடச் சொல்கிறார்கள். வேகம் குறையாமல் உள்பக்கம் சாய வேண்டும். 260 பவுண்டு ஆள் ஒருவன் திருப்பத்தில் அவ்வளவு சாய்ந்தான், வலக்கை விரல் புல்லைத் தடவிக்கொண்டே போனது. அவனுடைய கணுக்கால் மடங்கிய கோணத்தை நான் மடக்கினால் நேரே எலும்பு டாக்டரிடம்தான் போக வேண்டும். அடுத்து வந்தவன் அதைவிட வேகக்காரன், ஆனால் திருப்பத்தில் நிமிர்ந்துவிட்டான். வளையத்தைவிட்டு இரண்டு அடி வெளியே போய்த்தான் அவனால் திரும்ப முடிந்தது. ஆட்டத்தில் அந்த இரண்டு அடிக்குள் குவார்ட்டர்பேக் பந்தை வீசியிருப்பார்.

பிறகு எல்லாரும் காத்திருந்த ஒற்றைக்கு ஒற்றை. ஒரு ஆஃபென்சிவ் லைன்மேன், ஒரு டிஃபென்சிவ் லைன்மேன், குவார்ட்டர்பேக் நிற்கும் இடத்தில் ஒரு பொம்மை. விசில். மூன்று விநாடியில் கதை முடிந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டுகளோடு ஸ்கவுட்டுகள் கோட்டோரம் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நெஞ்சுக் கவசங்கள் மோதும் சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. ஈரத் துணி மூட்டையைத் திண்ணையில் போட்டதுபோல.

நீளக் கைப் பையன் ஒருவன் மூன்று முறை ஒரே வேலையைச் செய்தான். உள்ளங்கையை எதிராளி நெஞ்சில் வைத்து, பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய்ப் பொம்மை மேல் சாய்த்தான். கூட்டம் ஓவென்றது. நானும் நோட்டில் அவன் எண்ணைச் சுழித்துவிட்டேன்.

முன்வரிசையில் மழைக்கோட்டோடு ஒரு பெரியவர். பல வருடம் பள்ளி அணிக்கு லைன் கோச்சாக இருந்து ஓய்வு பெற்றவராம். என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “நீ மோதலைப் பார்க்கிறாய். மோதலை எல்லாரும் பார்ப்பார்கள். மோதிய பிறகு வைக்கிற அடுத்த அடியைப் பார்” என்றார். கால் பெருவிரல் குவார்ட்டர்பேக் பக்கம் பார்க்கிறதா, பக்கவாட்டில் தடுமாறுகிறதா, இடுப்பு தாழ்ந்தே இருக்கிறதா, எழுந்துவிட்டதா. அவ்வளவுதான் அவர் பாடம்.

இந்தப் பயிற்சியே டிஃபென்ஸ்காரனுக்குச் சாதகமானது என்பதையும் அவர்தான் சொன்னார். ஆட்டத்தில் பக்கத்தில் இன்னொரு தடுப்பாளன் உதவிக்கு வருவான். இங்கே வர மாட்டான். ஆட்டத்தில் எதிரணி பந்தோடு ஓடுமா வீசுமா என்று தெரியாது. இங்கே வீச்சு என்று தெரிந்தே பாய்கிறான். இடமும் தாராளம். அதனால் ஜெயித்ததை எண்ணாதே, எப்படி ஜெயித்தான், தோற்றபின் என்ன செய்தான் என்று பார் என்றார். நீளக் கைப் பையனிடம் இரண்டாவது ஆயுதம் இருக்கிறதா என்றும் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை.

அப்போதுதான் பயல் என் தோளைத் தட்டி இன்னொருவனைக் காட்டினான். உயரம் குறைந்த, தொப்பை தள்ளிய பையன். முதல் சுற்றில் மண்ணோடு மண்ணாக அமுக்கப்பட்டவன். யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். இரண்டாம் சுற்றில் அதே ஆள், அதே இடம். இடப்பக்கம் போவதுபோல் தோளைக் காட்டினான். எதிராளியின் கைகள் நீண்டதும் வலது கையால் அவன் மணிக்கட்டை வெட்டிவிட்டு, இடது கையை அவன் அக்குளுக்கு அடியில் விட்டுத் தூக்கியபடி உள்ளே போய்விட்டான். வெட்டு, தூக்கு, அடி, மூன்றும் ஒரே மூச்சில். முதல் தோல்வியில் எதிராளி கை எப்போது வரும் என்று கற்றுக்கொண்டிருக்கிறான்.

பெரியவர் திரும்பிப் பயலைப் பார்த்தார். “உன் பையனா?”

“அக்கா பையன்.”

“நோஸ்தானே?”

உடம்பைப் பார்த்தே சொல்லிவிட்டார். பயலுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் இல்லை.

மூன்றாம் நாள், வியாழன்

ஜெல் பேனாவில் எழுதிய நேற்றைய நோட்டு முழுக்க நீலக் குளம். தப்பு என்னுடையதுதான், பென்சில் எடுத்துப் போ என்று பயல் சொல்லியிருந்தான்.

இன்று குழு ஆட்டம், ஓட்டத்தைத் தடுப்பது. நேற்று ஓவென்று கத்திய கூட்டத்தில் பாதியைக் காணோம். நோஸ் டேக்கிளுக்கு மேல் இரண்டு பேர் விழும்போது ஒருவனாவது அவனைவிட்டு விலகி அடுத்த வரிசைக்குப் போய்விட்டால் ஆட்டம் கெட்டது. அவர்கள் இருவரையும் தன்னோடேயே பிடித்து வைத்திருப்பதுதான் நோஸின் வேலை. அதற்காக ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, இரண்டு பேர் இடுக்கில் தோளைச் செருகி, அடைப்புக்கல் மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். பந்தோடு ஓடிவருகிறவனைச் சாய்த்து டேக்கிளை எடுப்பது பின்னால் நிற்கும் லைன்பேக்கர். டிவியில் பெயர் வருவதும் அவனுக்குத்தான். இவன் கணக்கில் பூஜ்யம். சாக் கணக்கைப் பார்த்து இவர்களைத் தேர்ந்தெடுப்பது சமையலறையில் வெந்தவளை விட்டுவிட்டுப் பரிமாறியவளைப் பாராட்டுவது மாதிரி.

சுற்றுக்குச் சுற்று அந்தத் தொப்பைப் பையனையே பார்த்தேன். முதல் ஆறு சுற்றில் நகரவே இல்லை. எட்டாவதில் இடுப்பு எழுந்துவிட்டது, ஐந்து கஜம் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். மூச்சு. முந்நூறு பவுண்டைத் தூக்கிக்கொண்டு எத்தனை சுற்று தாங்குவான் என்ற கேள்விக்கு அளவுப் பட்டியலில் கட்டம் கிடையாது.

இரவு டாஃபின் தெருவில் சிப்பிக் கடை. பச்சைச் சிப்பியைப் பயல் தொடவில்லை, நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். இருவரும் பொரித்த மீனுக்கு மாறிச் சண்டையை ஆரம்பித்தோம்.

சண்டை டிராவன் வாக்கர் பற்றி. ஜார்ஜியாவில் பிறந்து வளர்ந்த பயலுக்கு ஜார்ஜியா பல்கலைக்கழகம் குலதெய்வம். 2022 டிராஃப்டில் அந்த ஒரே கல்லூரியின் டிஃபென்ஸிலிருந்து ஐந்து பேர் முதல் சுற்றில் போனார்கள். முதல் பெயரே வாக்கர். கடைசிக் கல்லூரிப் பருவத்தில் அவர் எடுத்தது 6 சாக். மிச்சிகனின் ஏடன் ஹட்சின்சன் எடுத்தது 14. ஆனால் 272 பவுண்டு வாக்கர் 40 கஜத்தை 4.51 விநாடியில் ஓடினார், கை 35 அங்குலத்துக்கு மேல். ஹட்சின்சன் கை 32 சொச்சம். ஜாக்சன்வில் கை நீளத்தை எடுத்தது. டெட்ராய்ட் இரண்டாவதாக ஹட்சின்சனை எடுத்தது. “வாக்கரை உள்ள நிறுத்தி ஆட வெச்சாங்க மாமா, அதான் சாக் கம்மி” என்பது பயலின் கட்சி. அதில் நியாயமும் இருக்கிறது. பக்கத்தில் நான்கு யானை நின்றால் ஐந்தாவது யானையின் பலம் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? அதற்காக, செய்ததை விட்டுவிட்டுச் செய்யக்கூடும் என்பதற்கு முதலிடம் கொடுப்பதா என்பது என் கட்சி. ஹட்சின்சனை எடுத்திருப்பேன். இன்றைக்கும் அதையே சொல்வேன்.

என் பக்கத்துக்குச் சாட்சியாக மைக் மமூலாவை இழுத்தேன். பாஸ்டன் காலேஜ்காரர். டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் சோதனைகளுக்கென்றே தயாராகி 1995 இல் எல்லாரையும் அசத்தினார். ஃபிலடெல்ஃபியா தம்பா பேயோடு பேரம் பேசி மேலே ஏறி 7 ஆவதாக அவரை எடுத்தது. மோசமான ஆட்டக்காரர் இல்லை, சுமார். இறங்கிப்போன தம்பா பேக்கு 12 ஆவதாகக் கிடைத்தவர் வாரன் சாப், ஹால் ஆஃப் ஃபேம். 2008 இல் வெர்னன் கோல்ஸ்டன் இன்னும் வினோதம். 225 பவுண்டுக் கம்பியை 37 முறை தூக்கியவர், 6 ஆவதாக நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தது. தொழில்முறையில் அவர் எடுத்த சாக் பூஜ்யம். தலைகீழாக டெரல் சக்ஸ். கல்லூரியில் ஒரே பருவத்தில் 24 சாக் எடுத்துவிட்டு, 40 கஜம் மெதுவாக ஓடியதால் 2003 இல் 10 ஆவது இடத்துக்கு இறங்கினார். பால்டிமோர் எடுத்தது. 139 சாக்கோடு ஓய்வு பெற்றார்.

“அப்ப ஜோர்டன் டேவிஸ்?” என்றான் பயல். அதே ஜார்ஜியாவின் நடு லைன்மேன். 341 பவுண்டு, அதாவது 155 கிலோ, 40 கஜம் 4.78 விநாடி. அந்த ஓட்டத்தை நான் பத்து முறையாவது பார்த்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு மீனைச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள், வெள்ளி

இன்று பயிற்சி இல்லை. பயல் போர்க்கப்பல் பார்க்கலாம் என்றான். யு.எஸ்.எஸ். அலபாமா விரிகுடாவில் நிற்கிறது. போனோம், பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டோம். மதியம் நான் கேட்டபடி ஆப்பிரிக்காடவுன்.

நகரத்துக்கு வடக்கே, பாலத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவில் சிறு குடியிருப்பு. 1860 இல் கிளோடில்டா என்ற கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஊய்தாவிலிருந்து 110 பேரைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தது. அமெரிக்காவுக்குள் அடிமைகளை இறக்குவதற்கு 1808 லேயே தடை வந்துவிட்டது. தடையை மீறிக் காட்டுகிறேன் என்று பணக்காரர் ஒருவர் பந்தயம் கட்டியதாகச் சொல்கிறார்கள். வந்த கப்பலை ஆற்றுக்குள் கொண்டுபோய் எரித்து மூழ்கடித்தார்கள். விடுதலைக்குப் பின் ஊர் திரும்ப வழியில்லாமல், அந்த மனிதர்கள் இங்கேயே நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர் இது. எரிந்த கப்பல் அதுதான் என்று 2019 இல் உறுதியானது. 2023 இல் திறந்த ஹெரிடேஜ் ஹவுஸில் அந்த மரத்தின் துண்டுகளைத் தண்ணீரில் வைத்திருக்கிறார்கள். காற்றுப் பட்டால் உதிர்ந்துவிடுமாம். கறுத்த, சாதாரண மரம். பயல் கண்ணாடியருகே ரொம்ப நேரம் நின்றான்.

அந்தக் கப்பலில் வந்தவர்களில் ஒருவர் கொசோலா. கட்ஜோ லூயிஸ் என்று இங்கே பெயர். 1935 வரை வாழ்ந்தார். முதுமையில் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. அடைத்து வைத்திருந்த இடத்துக்கு வெள்ளைக்காரர் வந்தார், வரிசையாக நிற்கவைத்துத் தோலைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், பிறகு தேர்ந்தெடுத்தார்.

செவ்வாய்க்கிழமை வண்டியில் நான் சொன்ன மணப்பாறைக் கதை நினைவுக்கு வந்தது. பயலுக்கும் வந்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் கேட்டான்.

“மாமா, ஸ்டேஜ்ல ஷார்ட்ஸோட நிக்க வெச்சு அளப்பாங்கன்னு சொன்னீங்கல்ல, முன்னாடியெல்லாம் இங்க?”

ஆமாம். கூடம் நிறைய ஸ்கவுட்டுகள் உட்கார்ந்திருக்க, வீரர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, சட்டை இல்லாமல் நிற்க, அளவைச் சத்தமாக வாசிப்பார்கள். மேலேறியவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அப்படியில்லை.

“இவங்களுக்குக் காசு வரும். அவங்களே கேட்டுத்தான் வர்றாங்க. அது வேற, இது வேற.” எனக்குச் சொன்னானா தனக்குத்தானே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை. “வேறதான்” என்றேன். மோட்டல் வரும்வரை பாட்டுப் போடச் சொல்லவில்லை. டேஷ்போர்டில் கிடந்த டேப்பை நான் எடுத்து டிக்கியில் போட்டேன்.

ஐந்தாம் நாள், சனி

ஆட்டம் நடந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஆசையில்லை. பல ஸ்கவுட்டுகள் ஆட்டத்துக்கு முன்பே ஊர் திரும்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், காலி நாற்காலிகளைப் பார்த்தால் நம்பத் தோன்றியது. லைன்மேன்களைச் சுற்றுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நீளக் கைப் பையன் ஒருமுறை குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தான், யாரும் தடுக்காமல் விட்டதால். ஸ்கோர் புத்தகத்தில் அதுவும் சாக் என்றுதான் ஏறும். தொப்பைப் பையன் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு நடுவில் கிடந்தான். அவன் பெயரை ஒலிபெருக்கி சொல்லவே இல்லை.

இனி எல்லாரும் இண்டியானாபொலிஸ் போவார்கள். டிவியில் நமக்குக் காட்டுவது ஓட்டமும் தாவலும். அங்கே நடக்கும் பெரிய வேலை மருத்துவச் சோதனை. 32 அணிகளின் டாக்டர்களுக்கும் ஒவ்வொரு முழங்காலும் தோளும் பதில் சொல்லியாக வேண்டும். மார்ச்சில் அவரவர் கல்லூரியில் இன்னொரு காட்சி. ஏப்ரலில் விடை.

கிளம்பும் முன் ஆளுக்கு ஒரு எண்ணைத் தாளில் எழுதி மடித்தோம். மூன்று வருடம் கழித்து யார் லீகில் நிற்கிறான் என்பது பந்தயம். பயல் எழுதியது தொப்பைப் பையனை. நான் வளையத்தில் விரலால் புல் தடவிய 260 பவுண்டுக்காரனை எழுதினேன். புதன்கிழமை சுழித்த நீளக் கை எண்ணை விட்டுவிட்டேன். அவன் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனால் இந்தப் பதிவை எடுத்துக் காட்டி என்னைத் திட்டலாம்.

எல்லையில் அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டார்கள். வீடு வந்து சேர நடுநிசி தாண்டிவிட்டது. ஐந்து நாளில் பயல் சாப்பிட்ட பர்கர் பதினொன்று, பொரித்த மீன் மூன்று தட்டு, வழியில் வாங்கிய மூன் பை என்ற இனிப்பு பிஸ்கட் ஒரு டப்பா. அதில் இரண்டு எனக்கு. அக்கா வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். அவனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். டேப் இல்லை, தராசு இல்லை.

“என்னடா இது, பாதியா இளைச்சுட்டு வந்திருக்கே.”

அடுப்பில் ஏற்கெனவே தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.